மேசையை விட்டு நகராத லேப்டாப்

திண்டிவனத்தில் என் தங்கை வீட்டு ஹாலில், டி.வி-க்குப் பக்கத்தில் ஒரு மேசை. அதன் மேல் ஒரு லேப்டாப். சாதாரண லேப்டாப் இல்லை சார், கேமிங் லேப்டாப். கீபோர்டுக்குள்ளிருந்து சிவப்பு, பச்சை, நீலம் என்று கோயில் திருவிழா சீரியல் செட் மாதிரி விளக்கு எரியும். அடியில் இரண்டு ஃபேன் வைத்த கூலிங் ஸ்டாண்டு. எதிரில் தனி மானிட்டர், தனி கீபோர்டு, தனி மவுஸ். தரையில் செங்கல் சைஸில் ஓர் அடாப்டர். ஒரு டெஸ்க்டாப்புக்கு வேண்டிய எல்லாம் அந்த மேசையில் இருந்தது... டெஸ்க்டாப்பைத் தவிர!

"எதுக்குடா இவ்வளவு சுத்தி வளைக்கணும்? டெஸ்க்டாப்பே வாங்கியிருக்கலாமே?" என்று தங்கை மகனிடம் கேட்டேன்.

"இது டெஸ்க்டாப்புக்கு பதிலாதான் மாமா. தேவைப்பட்டா எடுத்துக்கிட்டும் போலாம்ல?"

"இதுவரைக்கும் எத்தனை வாட்டி எடுத்துக்கிட்டுப் போயிருக்க?"

கொஞ்சம் யோசித்தான். "ஃபர்ஸ்ட் இயர்ல ஒரு வாரம்."

விழுப்புரத்தில் இன்ஜினீயரிங் படிக்கிறான். தினமும் போக 40 கிலோமீட்டர், வர 40 கிலோமீட்டர். மெஷின் இரண்டரைக் கிலோ. அடாப்டர் கிட்டத்தட்ட ஒரு கிலோ. சாப்பாட்டு டப்பா, தண்ணி பாட்டில், புத்தகம் எல்லாம் தனி. நின்றுகொண்டே போகிற பஸ்ஸில் இதை முதுகில் மாட்டி ஒரு வாரம் பார்த்தான். தோள்பட்டை சொன்ன தீர்ப்பை மதித்து, எட்டாவது நாள் மேசையில் வைத்துவிட்டான். வைத்தது வைத்தபடிதான்.

அதன் விலை ஒரு லட்சத்து ஐயாயிரம். பாதி, தங்கையின் சங்கிலி அடகுக்கடைக்குப் போன பணம். மீதி, 'வட்டியே இல்லை' என்று சொல்லி வாங்க வைத்த இ.எம்.ஐ.

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2008-ல் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வந்தன. 2024 பிப்ரவரியில் வானூர் பக்கம் திருச்சிற்றம்பலத்தில் மினி டைடல் பார்க் திறந்தார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு கம்ப்யூட்டர் இன்று சைக்கிள் மாதிரி, அவசியமான பொருள். அதனால்தான் சொல்கிறேன்... அந்த அவசியத்தைக் காட்டி, மேசையை விட்டு நகராத ஒரு மெஷினுக்கு, நகரும் மெஷினின் விலையை நம்மிடம் வாங்குகிறார்கள். நாமும் பெருமையாகக் கொடுக்கிறோம். இதை எதிர்த்து யாராவது பேச வேண்டாமா?

கேம் விளையாடுவது தப்பு என்று சொல்லப்போகிறேன் என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பாதீர்கள். விளையாடட்டும். நன்றாகவே விளையாடட்டும். என் வழக்கு வேறு.

முதலில் பெயரில் நடக்கிற வித்தையைப் பாருங்கள். கேமுக்கும் வீடியோ எடிட்டிங்குக்கும் முக்கியம், கிராஃபிக்ஸ் சிப். என்விடியா கம்பெனியின் ஆர்டிஎக்ஸ் 5070 என்று ஒன்று இருக்கிறது. டெஸ்க்டாப்பில் போடும் 5070-க்குள் 6,144 கோர்கள், 12 ஜிபி மெமரி. அது 250 வாட் மின்சாரம் வரை குடிக்கும். லேப்டாப்பில் வரும் 5070-க்குள் 4,608 கோர்கள், 8 ஜிபி மெமரி. குடிப்பது சுமார் 100 வாட். பெயர் ஒன்று, ஆள் வேறு! இன்னும் மேலே போனால் 5090. டெஸ்க்டாப்பில் 21,760 கோர்கள், லேப்டாப்பில் 10,496. பாதிகூட இல்லை.

ஒரு காலத்தில் லேப்டாப் சிப்பின் பெயருக்குப் பின்னால் 'எம்' என்று ஓர் எழுத்து ஒட்டியிருக்கும். இது தம்பி, அது அண்ணன் என்று பார்த்ததும் தெரியும். 2016-ல் 10 சீரிஸ் சிப்புகள் வந்தபோது அந்த எழுத்து காணாமல் போனது. இப்போது 'லேப்டாப் ஜிபியு' என்று எழுதுகிறார்கள். கடைக்காரர் அதைச் சத்தமாக வாசிப்பதில்லை. போதாக்குறைக்கு, ஒரே பெயருள்ள லேப்டாப் சிப்பை ஒரு கம்பெனி 100 வாட்டில் ஓட்டும், இன்னொரு கம்பெனி அதைவிடக் குறைத்து ஓட்டும். அந்த வாட் கணக்கைக் கேட்டு வாங்குகிற அப்பாக்கள் எத்தனை பேர்?

"இருக்கட்டும் சார், எடுத்துக்கொண்டு போகிற வசதிக்குக் கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுக்கிறோம்" என்பீர்கள். சரி, அந்த வசதியையும் கணக்குப் போடுவோம். விமானத்தில் விசேஷ அனுமதி இல்லாமல் கொண்டுபோகலாம் என்பது 100 வாட்-அவர் வரையுள்ள பேட்டரியை. அதனால் லேப்டாப் கம்பெனிகள் அந்தக் கோட்டைத் தாண்டுவதில்லை. கேம் முழு வேகத்தில் ஓடும்போது மெஷின் 200 வாட் கேட்கிறது என்று வையுங்கள். நூறை இருநூறால் வகுக்க கால்குலேட்டர் வேண்டாம். அரை மணி நேரம். அதிலும் பேட்டரியால் ஒரே நேரத்தில் அவ்வளவு மின்சாரத்தைக் கொடுக்க முடியாது என்பதால், பிளக்கைப் பிடுங்கிய அடுத்த நொடியே மெஷின் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். புதுச்சேரி பஸ்ஸில் உட்கார்ந்து கேம் ஆரம்பித்தால் மயிலம் தாண்டுவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும்.

1981-ல் அமெரிக்காவில் ஆஸ்போர்ன் 1 என்று ஒரு கம்ப்யூட்டர் விற்றார்கள். சுமார் 11 கிலோ, தையல் மெஷின் பெட்டி மாதிரி கைப்பிடி வைத்தது. உள்ளே பேட்டரி கிடையாது. எங்கே வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம், போன இடத்தில் பிளக் பாயின்ட் இருக்க வேண்டும். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கேமிங் லேப்டாப் இன்னும் பிளக் பாயின்ட்டைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறது. எடை மட்டும் குறைந்திருக்கிறது.

அடுத்தது சூடு. அக்னி நட்சத்திரத்தில் நம் பக்கம் ஃபேனே அனல்தான் வீசும். அந்த நேரத்தில் இரண்டு விரல்கடை தடிமனுள்ள பெட்டிக்குள் பிராசஸரும் கிராஃபிக்ஸும் ஒட்டி உட்கார்ந்து வேகின்றன. உள்ளே தொண்ணூறு டிகிரியைத் தாண்டி நூறை நெருங்கும்போது மெஷின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைக்கும். ஹைவே ஓரத்து ஊர்களின் தூசி, அந்தச் சின்ன ஃபேனைப் பாதி அடைத்துவிடும். இரவு பகல் பிளக்கில் சொருகி, நூறு சதவிகிதத்திலேயே வைத்திருந்தால் பேட்டரி சீக்கிரம் கெடும், சமயத்தில் உப்பவும் செய்யும். டச்பேடு லேசாக மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறதா? அது அழகுக்காக இல்லை, ஆபத்து. உடனே நிறுத்திவிட்டுக் கடைக்குப் போங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் செட்டிங்கில் போய் சார்ஜை 80 சதவிகிதத்தோடு நிறுத்தும் வசதி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

இதெல்லாம் சின்ன விஷயம். என் கோபம் இனிமேல்தான் வருகிறது.

போன மாதம் தங்கையிடமிருந்து போன். "அண்ணா, அது ஆன் ஆகலியாம்." வாங்கி இரண்டு வருஷம் நாலு மாதம். வாரன்டி ஒரு வருஷத்தோடு முடிந்திருந்தது. விழுப்புரத்தில் ஒரு கடையில் காட்டினோம். பையன் கெட்டிக்காரன், பிரித்துப் பார்த்துவிட்டு உண்மையைச் சொன்னான். "மதர்போர்டு சார். பிராசஸர், கிராஃபிக்ஸ் ரெண்டும் அதுலயே சால்டர் பண்ணியிருக்கு. தனியா மாத்த முடியாது. சென்னைக்குத்தான் அனுப்பணும்." சென்னையிலிருந்து வந்த எஸ்டிமேட், 46 ஆயிரம்.

ஆக, அந்த லேப்டாப் முதல் வருஷத்துக்கு அப்புறம் வீட்டை விட்டு வெளியே கிளம்பியதே ரிப்பேருக்குத்தான்!

டெஸ்க்டாப் இப்படிச் சாவதில்லை. அது உறுப்பு உறுப்பாகத்தான் கெடும். எஸ்எம்பிஎஸ் போனால் எஸ்எம்பிஎஸ். ராம் போனால் ராம். ஃபேன் போனால் ஃபேன். மதர்போர்டே போனாலும் மற்றதைக் கழற்றி வேறு போர்டில் மாட்டலாம். திண்டிவனத்தில் கிடைக்காவிட்டால் விழுப்புரம், அங்கும் இல்லாவிட்டால் யாராவது ரிச்சி ஸ்ட்ரீட் போகும்போது சொல்லிவிட்டால் சாயந்திரம் வந்துவிடும். சில லேப்டாப்புகளில் ராமையும் எஸ்எஸ்டியையும் மாற்றலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவ்வளவு பணம் கொடுத்து எதற்காக வாங்கினீர்களோ, அந்த கிராஃபிக்ஸை மாற்ற முடியாது.

2025 கடைசியில் ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போனதில் ராம் விலை எகிறியது. அந்த மாதிரி நேரத்தில் டெஸ்க்டாப்காரன், "இருக்கிறதை வெச்சு ஓட்டுவோம், விலை இறங்கினதும் இன்னொண்ணு போட்டுக்கலாம்" என்று காத்திருக்க முடியும். மாதச் சம்பளக் குடும்பத்துக்கு இதுதான் சார் பெரிய வசதி. தவணையில் வாங்குவதைவிடத் தவணையில் வளர்க்க முடிவது.

சந்தேகம் இருந்தால் விழுப்புரம் நேருஜி சாலைப் பக்கம் ஏதாவது ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் கடைக்கோ, கல்யாண ஆல்பம் செய்கிற ஸ்டுடியோவுக்கோ போய்ப் பாருங்கள். பெரிய ஃபைல்களோடு நாள் முழுக்க மல்லுக்கட்டுகிற இடங்கள் அவை. மேசைக்கடியில் தூசி படிந்த ஒரு பெட்டிதான் உறுமிக்கொண்டிருக்கும். கம்ப்யூட்டரை வைத்துச் சாப்பிடுகிறவர்களுக்குக் கணக்கு தெரியும்.

எதிர்க்கட்சி வாதத்தையும் கேட்போம்.

"கரன்ட் போனா?" நியாயமான கேள்வி. 2012-ல் சென்னைக்கு வெளியே பல ஊர்களில் ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் கரன்ட் இல்லாமல் கிடந்தோம். அதற்கு முந்தைய ஆண்டுதான், 2011 செப்டம்பரில், அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. 'கம்ப்யூட்டர் என்றால் லேப்டாப்' என்று நம் மனதில் பதிந்தது அந்தக் காலத்தில்தான். அன்றைக்கு அது சரி. இன்று அந்த அளவு பவர்கட் இல்லை. அன்று வாங்கிப் பழகிய இன்வெர்ட்டர் பல வீடுகளில் இருக்கிறது. இல்லாதவர்களுக்கு ஒரு சின்ன யுபிஎஸ், வேலையை சேவ் செய்து நிறுத்தப் போதும்.

"புயல் வந்தா?" 2024 நவம்பர் 30-ம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை. வீடுகளுக்குள் தண்ணீர். அன்றைக்கு லேப்டாப் வைத்திருந்தவர் தூக்கிப் பரண் மேல் வைத்தார், தரையில் சிபியு வைத்திருந்தவர் தவித்தார். இந்த ஒரு பாயின்ட் அவர்களுக்குத்தான். சிபியுவை மேசை மேல் வையுங்கள் என்பதுதான் என் பதில்.

"மேசையே இல்லாத வீடு சார். ஒரே ரூம். ஹால்ல எல்லார் கண்ணு முன்னால பொண்ணு எப்படிப் படிக்கும்?" இந்தக் கேள்விக்கு முன்னால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். ஹாஸ்டல் பிள்ளைகளுக்கும், வாரம் ஓர் ஊர் என்று வேலைக்கு அலைகிறவர்களுக்கும் லேப்டாப்தான் சரி. ஆனால் அவர்களுக்கு வேண்டியது ஒன்றரைக் கிலோவில், அஞ்சாறு மணி நேரம் பேட்டரி நிற்கிற சாதாரண லேப்டாப். சி, பைத்தான், அசைன்மென்ட் எல்லாவற்றுக்கும் அது தாராளம். 2025 மார்ச் பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு டேப்லட் அல்லது லேப்டாப் என்று தமிழக அரசு அறிவித்ததும் அந்த மாதிரி மெஷினைத்தான். கொண்டுபோக அது. கனமான வேலைக்கும் கேமுக்கும் வீட்டில் ஒரு டெஸ்க்டாப். பையன் கையில் ஏற்கெனவே ஒரு லேப்டாப் இருக்கும்போது, சங்கிலியை அடகு வைத்து இன்னொன்றை வாங்கி மேசையில் ஆணி அடிப்பது என்ன கணக்கு?

கேமிங் லேப்டாப் யாருக்குத்தான்? மண்டபத்திலேயே உட்கார்ந்து எடிட் செய்து ராத்திரிக்குள் வீடியோ கொடுக்க வேண்டிய கல்யாண வீடியோகிராபருக்கு. கனமான மெஷினும் வேண்டும், மாதத்துக்கு நாலு தடவை தூக்கிக்கொண்டும் போக வேண்டும் என்கிறவருக்கு. அந்த ஆள் நீங்களா? கடைக்குப் போவதற்கு முன்னால் உங்களையே கேளுங்கள், "கடைசியா எப்போ இதைத் தூக்கிக்கிட்டுப் போவேன்?" தேதி சொல்ல முடியவில்லையா, டெஸ்க்டாப் வாங்குங்கள்.

தங்கை வீட்டில் 46 ஆயிரத்தைக் கொடுக்கவில்லை. செத்த லேப்டாப்பிலிருந்து எஸ்எஸ்டியை மட்டும் கழற்றிக்கொண்டோம். மானிட்டர், கீபோர்டு, மவுஸ், மேசை எல்லாம் ஏற்கெனவே இருந்தன. ஒரு சிபியு மட்டும் அசெம்பிள் செய்து வைத்தாயிற்று. கிராஃபிக்ஸ் கார்டு பொங்கலுக்கு.

"நல்லாத்தான் ஓடுது மாமா," என்றான் மருமகன். "ஆனா எங்கயும் எடுத்துக்கிட்டுப் போக முடியாதே!"

சங்கிலி மட்டும் இன்னும் அடகுக்கடையில்தான் இருக்கிறது. அதைத்தான் முதலில் எடுத்துக்கொண்டு வர வேண்டும்.