அக்கா பார்த்த வண்டி

நாகமலை புதுக்கோட்டையிலிருக்கும் என் அக்காவுக்கு வெகு நாளாய் ஓர் ஆசை. பாட்டி முதல் பேரன் வரை ஏழு பேரும் ஒரே வண்டியில் குலதெய்வம் கோயிலுக்குப் போக வேண்டுமாம். சீட்டுப் பணம் கைக்கு வந்த வேளை, பழைய இன்னோவா ஒன்றும் விலைக்கு வந்தது.

அத்தான் பளபளப்பைப் பார்த்து மயங்கினார். அக்காவோ ஸீட் பெல்ட்டை நுனிவரை இழுத்தாள். மண் கறை! கம்பளத்தைத் தூக்கினாள். துரு!

"வெள்ளத்தில் குளித்த வண்டி. வேண்டாம்" என்று எழுந்துவிட்டாள்.

2015-ல் சென்னையிலும் 2023-ல் தூத்துக்குடியிலும் வந்த வெள்ளம் நினைவிருக்கிறதல்லவா? மூழ்கிய வண்டிகள் மெருகேறி, ஊர் மாறி விலை போவதுண்டு. உள்ளே மின்கம்பிகள் அரித்து, நடு ராத்திரியில் வழியில் நின்றால் குழந்தைகளோடு என்ன செய்வது?

சகோதரிகளே, இன்னும் மூன்று விஷயம். எஞ்சின் ஆறியிருக்கும்போது கிளப்பச் சொல்லுங்கள். சூடான எஞ்சின் குறையை மறைக்கும். டயரில் 2319 என்றிருந்தால் அது 2019-ன் 23-வது வாரத்தில் செய்தது. மீட்டர் காட்டும் கிலோமீட்டரோடு அதை ஒப்பிடுங்கள். ஆர்.ஸி. புத்தகத்தில் பாங்குக் கடன் குறித்திருந்தால், அது தீர்ந்த கடிதம் வரும்வரை பணம் தராதீர்கள்.

அத்தான் இப்போதும் வண்டி பார்க்கிறார், அக்காவை முன்னால் விட்டுத்தான்!