அழித்த தொடரை மீண்டும் எழுதுங்கள்

கரீபியக் கடலில் ஹிஸ்பானியோலா என்றொரு தீவு. மேற்கே ஹெய்ட்டி, கிழக்கே டொமினிகன் குடியரசு. ஐரோப்பியர் போய் இறங்கிய அமெரிக்க நிலங்களில் ஆப்பிரிக்க அடிமைகள் முதன்முதலாகக் கொண்டுவரப்பட்டது இந்தத் தீவின் கிழக்குப் பகுதிக்குத்தான். அது 16ஆம் நூற்றாண்டின் தொடக்கம். மேற்குப் பக்கம் பின்னாளில் பிரெஞ்சுக்காரர்களிடம் போயிற்று, கிழக்கு ஸ்பானியர்களிடமே இருந்தது. அங்கே பிரெஞ்சு, இங்கே ஸ்பானியம் என்று ஆட்சிமொழிகள்தான் பிரிந்தன. வந்திறங்கிய மனிதர்களின் பூர்வீகம் பிரியவில்லை.

அமெரிக்க அரசு இப்போது அந்த எல்லைக்கோட்டைத் தூக்கிவந்து தன் படிவத்தில் போட்டிருக்கிறது. வெள்ளை மாளிகையின் கீழ் இயங்கும் மேலாண்மை, பட்ஜெட் அலுவலகம் 2024 மார்ச் 28 அன்று வெளியிட்ட புதிய விதிமுறையைப் பாருங்கள். ‘கறுப்பினத்தவர்’ என்ற தலைப்பின் கீழ் ஆறு உதாரணங்கள்: ஆப்பிரிக்க அமெரிக்கர், ஜமைக்கர், ஹெய்ட்டியர், நைஜீரியர், எத்தியோப்பியர், சோமாலியர். டொமினிகன் இல்லை. கியூபா இல்லை. போர்ட்டோ ரிக்கோ இல்லை. இந்த மூன்றும் ‘ஹிஸ்பானிக் அல்லது லத்தீனோ’ என்ற வேறொரு கட்டத்தின் கீழ் உட்கார்ந்திருக்கின்றன. பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள், ஒரே நிறத்தவர்கள். ஆனால் ஒருவர் கறுப்பர், மற்றவர் லத்தீனோ!

இதைக் கவனக்குறைவு என்று விட்டுவிட முடியவில்லை. இந்த விதிமுறைக்கு மூலமான 15ஆம் எண் புள்ளியியல் ஆணை 1977இல் வந்தபோதும் சரி, 1997இல் அதைத் திருத்தியபோதும் சரி, லத்தீனோ யார் என்பதற்கான வரையறை ஒரு தொடரோடுதான் முடிந்தது: ‘எந்த இனத்தவராயினும்’. கறுப்பராயினும் வெள்ளையராயினும் பூர்வகுடியாயினும், ஸ்பானியப் பண்பாட்டு வழி வந்தவர் லத்தீனோ என்று அதற்குப் பொருள். அதனால்தான் லத்தீனோவா என்பது ஒரு கேள்வியாகவும், எந்த இனம் என்பது அடுத்த கேள்வியாகவும் இருந்தன. 2024இல் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். லத்தீனோவையும் கறுப்பர், வெள்ளையர், ஆசியரோடு ஒரே வரிசையில் நிறுத்தினார்கள். அந்தத் தொடரையும் சத்தமில்லாமல் அழித்துவிட்டார்கள்.

தமிழ் வாசகருக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. நாம் ‘இனம்’ என்ற ஒரே சொல்லைத் தோலுக்கும் சொல்கிறோம், மொழிக்கும் சொல்கிறோம். தமிழினம் என்போம், கறுப்பினம் என்போம். நம் பேச்சில் அந்தக் குழப்பம் இருந்துவிட்டுப் போகட்டும். அதை வைத்து யாரும் தேர்தல் தொகுதி பிரிப்பதில்லை. அங்கே பிரிக்கிறார்கள்.

தோலும் மொழியும் ஓர் ஆளிடம் எப்படிச் சேர்ந்திருக்கும் என்பதற்கு ராபர்ட்டோ கிளெமென்டேயை நினைத்துப் பார்க்கலாம். போர்ட்டோ ரிக்கோவின் கரோலினா ஊரில் பிறந்த கறுப்பர், பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் பேஸ்பால் நட்சத்திரம். 1955இல் பயிற்சிக்காக ஃப்ளோரிடா போனபோது, வழியில் வெள்ளை ஆட்டக்காரர்கள் ஓட்டலுக்குள் சாப்பிடுவார்கள். கறுப்பு ஆட்டக்காரர்கள் பஸ்ஸிலேயே காத்திருக்க வேண்டும். கிளெமென்டேயும் பஸ்ஸில்தான் இருந்தார். வீட்டில் என்ன மொழி பேசுவாய் என்று அங்கே அவரை யாரும் கேட்கவில்லை. அதே மனிதர் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தால், அவருடைய ஸ்பானிய உச்சரிப்பைக் கிண்டலாக எழுத்துக்கு எழுத்து அச்சிட்டார்கள். ராபர்ட்டோ என்ற பெயர் வாயில் நுழையவில்லையாம், ஆட்டக்காரர் அட்டைகளில் ‘பாப்’ என்று மாற்றிப் போட்டார்கள். பஸ்ஸில் பட்டது தோலுக்கான அடி, பேட்டியில் பட்டது நாவுக்கான அடி. இரண்டையும் வாங்கிய உடம்பு ஒன்றுதான். இன்றைய படிவம் அவரிடம் போனால், போர்ட்டோ ரிக்கோ என்று அச்சிட்ட கட்டத்தில் ஒரு டிக் அடிக்கச் சொல்லும். அந்த ஒரு டிக்கோடு பஸ்ஸில் நடந்தது கணக்கிலிருந்து போய்விடும்.

“ஒன்றுக்கு மேற்பட்ட கட்டங்களைக் குறிக்கலாமே, யார் தடுத்தார்கள்?” என்கிறது அலுவலகத் தரப்பு. உண்மைதான், தடுக்கவில்லை. பழைய முறையிலும் கோளாறு இருந்தது என்பதையும் நாம் மறுக்கவில்லை: 2020 கணக்கெடுப்பில் 6.2 கோடி லத்தீனோக்களில் 2.6 கோடிப் பேர் ‘வேறு இனம்’ என்ற கட்டத்தை மட்டும் குறித்தார்கள். அந்தக் கூடையைக் காலி செய்ய வேண்டும் என்பது அதிகாரிகளின் கவலை. ஆனால் பழைய முறையில் இரண்டாவது கேள்வி என்று ஒன்று இருந்தது. லத்தீனோ என்று சொன்னவரை நிறுத்தி, நிறத்தையும் கேட்டது. இனி அந்தக் கேள்வி இல்லை. கணக்கெடுப்புப் பணியகம் 2015இல் நடத்திய பரிசோதனையிலேயே, ஒருங்கிணைந்த கேள்வி கொடுத்தபோது பெரும்பாலான லத்தீனோக்கள் அந்த ஒரு கட்டத்தோடு பேனாவை மூடிவிட்டார்கள். முடிவு தெரிந்தே செய்திருக்கிறார்கள் என்பதுதான் நம் குற்றச்சாட்டு.

கேட்கிற விதத்தில்தான் எண்ணிக்கையே இருக்கிறது. 2020 கணக்கெடுப்பில் ‘கறுப்பர்’ என்பதை மட்டும் குறித்த லத்தீனோக்கள் சுமார் 12 லட்சம் பேர். ப்யூ ஆய்வு மையம் ஆஃப்ரோ-லத்தீனோவா, அதாவது ஆப்பிரிக்க வம்சாவளி லத்தீனோவா என்று நேரடியாகக் கேட்டு மதிப்பிட்டபோது, வயது வந்தோர் மட்டுமே சுமார் 60 லட்சம் பேர். அவர்களில் ஏழில் ஒருவர் தம்மை ஹிஸ்பானிக் என்றே சொல்லிக்கொள்வதில்லை. இவர்களை எந்தக் கட்டத்தில் தேடுவீர்கள்?

இந்தக் கட்டங்கள் ஏதோ இயற்கை விதி போலப் பேசப்படுவதும் வேடிக்கை. 1970 கணக்கெடுப்பில் இந்திய வம்சாவளியினரை வெள்ளையர் கணக்கில் சேர்த்தார்கள். 1980இல் ‘ஆசிய இந்தியர்’ என்று தனிக் கட்டம் வந்தது. பத்தாண்டில் நம்மவர் தோல் மாறவில்லை, படிவம் மாறியது. தமிழ்த் தாய்க்கும் ஜமைக்காத் தந்தைக்கும் பிறந்த கமலா ஹாரிஸ் ‘திடீரென்று கறுப்பராகிவிட்டார்’ என்ற பொருளில் 2024 ஜூலையில் கறுப்பினப் பத்திரிகையாளர்கள் கூட்டத்திலேயே டிரம்ப் பேசியதும் இதே மூளைச்சோம்பல்தான். ஒரே ஆள் இரண்டாகவும் இருக்க முடியும் என்பது அவ்வளவு கடினமான கணக்கா?

பழியை அரசின் தலையில் மட்டும் கட்டிவிட்டு லத்தீனோ தலைவர்கள் நழுவ முடியாது. 2022 அக்டோபரில் வெளியான லாஸ் ஏஞ்சலஸ் நகரமன்ற உறுப்பினர்களின் உரையாடல் ஒலிப்பதிவை நாடே கேட்டது. மன்றத் தலைவராக இருந்த லத்தீனோ பெண்மணி, சக உறுப்பினர் ஒருவரின் கறுப்பினக் குழந்தையைக் குரங்குக்கு ஒப்பிட்டு ஸ்பானியத்தில் பேசினார், பதவியும் போயிற்று. அந்த உரையாடலே தொகுதி எல்லைகளை மறுவரையறை செய்வது பற்றியது. கறுப்பர் பங்கு எவ்வளவு, லத்தீனோ பங்கு எவ்வளவு என்று இரு தட்டாகப் பிரித்துப் பேசிய அந்த மேசையில், இரண்டுமாக இருப்பவருக்கு நாற்காலி இல்லை. 2021இல் வந்த ‘இன் த ஹைட்ஸ்’ படமும் டொமினிகர்கள் நிறைந்த நியூயார்க் பேட்டையைப் பற்றியதுதான். அதில் கறுத்த முகங்களை ஓரம் கட்டியதற்கு அதன் படைப்பாளி லின்-மனுவேல் மிராண்டா மன்னிப்புக் கேட்டார். படக்காரருக்கு இருந்த அந்த நேர்மைகூட அரசு அலுவலகத்துக்கு இல்லை.

புதிய முறைக்கு எல்லாத் துறைகளும் மாற 2024 ஆணை 5 ஆண்டு கெடு கொடுத்தது. 2030 கணக்கெடுப்பு அதன் பின்னாலேயே வருகிறது. அதற்குள் திருத்துங்கள். ‘எந்த இனத்தவராயினும்’ என்ற தொடரை வரையறையில் மீண்டும் எழுதுங்கள். நிறத்தைத் தனிக் கேள்வியாகக் கேளுங்கள். முடியாதென்றால், லத்தீனோ கட்டத்தை ஒட்டியே, பொருந்தும் மற்றவற்றையும் குறிக்கும்படி பெரிய எழுத்தில் போடுங்கள். இரண்டையும் குறித்தவர்களைப் ‘பல இனத்தவர்’ மூட்டையில் கட்டிவிடாமல், வீடு, வேலை, மருத்துவம், காவல்துறை என எல்லா அட்டவணையிலும் தனி வரியாக வெளியிடுங்கள். டொமினிகன், கியூபா, போர்ட்டோ ரிக்கோ என்ற பெயர்களைக் கறுப்பினத் தலைப்பின் கீழும் அச்சிடுங்கள். ஹெய்ட்டிக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது.