பெயருக்கு நூலா? பயில்வோர்க்கு நூலா?

இளம் அறிவியல் வகுப்பில் இயற்பியல் பயிலும் தமிழ் மாணவன் குவைய இயங்கியலின் வாயிலில் வந்து நிற்கின்றான். குவாண்டம் என்று பாட ஏடுகளில் எழுதப்பெறும் சொல், 'எவ்வளவு' என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லினின்று வந்தது. ஆற்றல் ஓயாது ஒழுகும் நீரன்று, குவை குவையாய்ப் பிரிந்து நிற்பது என்று 1900-இல் மாக்சு பிளாங்கு காட்டிய உண்மையினின்று கிளைத்த துறை அது. அத்துறைக்குள் அவனைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லவேண்டிய முதல் நூலைத் தேர்ந்து கொடுப்பது கற்பிப்போர் கடமை. அக்கடமையைப் பெயர்மயக்கத்திற்குக் காவு கொடுத்துவிட்ட கல்லூரிகள் தமிழகத்தில் எத்தனை!

பாடத்திட்டத்தின் அடியில் அச்சிடப்பெறும் நூற்பட்டியல்களை எடுத்துப் பாருங்கள். 1930-இல் இடிராக் எழுதிய நூல் இருக்கும். 1949-இல் சிஃப் எழுதிய நூல் இருக்கும். இரண்டும் பெருநூல்களே, ஐயமில்லை. ஆயின் சிஃப்பின் நூல் பட்டம் முடித்து மேற்படிப்பில் நுழைந்தவர்க்கென்று எழுந்தது. இடிராக்கின் நூலோ துறையின் கட்டுக்கோப்பை உச்சியிலிருந்து காட்டுவது. நீந்தக் கற்பவனை நடுக்கடலில் இறக்கிவிட்டுக் கடலின் பெருமையைக் கரையிலிருந்து பேசுவது கற்பித்தலாகுமா? ஆசிரியர் தம் மேற்படிப்பில் அவற்றைத் திறந்தார் என்பதொன்றே அவை பட்டியலில் ஏறிய கரணியம்!

விளைவு என்ன? மாணவன் அப்பெருநூல்களைத் தொடுவதேயில்லை. கடைத்தெருவில் விற்கும் வினா-விடைக் குறிப்பேட்டை வாங்குகின்றான், நெட்டுருச் செய்கின்றான். பெட்டிக்குள் அடைபட்ட துகளின் ஆற்றல் குவைய எண்ணின் இருமடிக்கேற்ப உயர்கின்றது என்பதை ஒரு மூச்சில் எழுதிக்காட்டுவான். 'அவ்வெண் சுழியாக இருத்தல் ஏன் கூடாது?' என்று கேளுங்கள், வாய் திறவான். எண் சுழியாயின் அலைச்சார்பு எங்கும் சுழியாகும். அஃதாவது பெட்டிக்குள் துகளே இல்லை என்றாகிவிடும். இந்த ஒருவரி விளக்கத்தை அவனுக்குத் தராத தேர்வு என்ன தேர்வு?

பயில்வோனை எண்ணி எழுதப்பெற்ற நூல்கள் இல்லாமலில்லை. அவற்றுள் இருவழிகள் உள. ஒன்று, சுரோடிங்கர் 1926-இல் கண்ட அலைச்சமன்பாட்டைத் தொடக்கத்திலேயே கொடுத்துக் கணக்குப் போடவைக்கும் வழி. 1995-இல் முதற்பதிப்பும் 2018-இல் மூன்றாம் பதிப்பும் கண்ட கிரிஃபித்சின் நூல் அவ்வழிப்பட்டது. அதன் பயிற்சிக் கணக்குகள் நல்லவை. ஆனால் தற்சுழற்சி அதில் நான்காம் இயலில்தான் தலைகாட்டுகின்றது. அதுவரை மாணவன் வகைக்கெழுச் சமன்பாடுகளோடு மல்லாடிக்கொண்டிருப்பான்.

மற்றொன்று, 1965-இல் வெளிவந்த பெயின்மன் சொற்பொழிவுகளின் மூன்றாம் தொகுதி காட்டிய வழி. தவுன்செண்டு 1992-இலும் மெக்கின்டயர் 2012-இலும் அதனைப் பாடநூலாக்கினர். இங்கே தொடக்கம் சமன்பாடன்று, ஓர் ஆய்வு. 1922-இல் பிராங்குபர்ட்டு நகரில் இசுடெர்ன், கெர்லாக்கு ஆகிய இருவரும் வெள்ளி அணுக்கற்றையைச் சீரற்ற காந்தப்புலத்தின் ஊடே செலுத்தினர். கற்றை பரந்து படியவில்லை, இரண்டாகப் பிளந்தது! மேல்நோக்கிச் சென்றவற்றை மட்டும் பிரித்தெடுத்துப் பக்கவாட்டில் திருப்பிய கருவியில் விட்டால் அவை சரிபாதியாகப் பிரியும். அப்பாதிகளுள் ஒன்றை எடுத்து மீண்டும் மேல்-கீழ்க் கருவியில் விட்டால், முன்பு 'மேல்' என்று தேர்ந்தெடுத்தவற்றுள் பாதி 'கீழ்' என்று வந்து நிற்கும். அளத்தல் என்பது இருப்பதைப் பார்ப்பது மட்டுமன்று, நிலையையே மாற்றுவது என்னும் உண்மை இங்கே உள்ளங்கை நெல்லிக்கனி. இதற்கு வேண்டிய கணக்கோ ஈரடுக்கு அணியும் கலப்பெண்ணும் நிகழ்தகவும்தாம். இவை மூன்றையும் அவன் மேல்நிலைப் பள்ளியிலேயே, தமிழிலேயே கற்றுவிட்டான்! ஆகவே தமிழ் மாணவனுக்கு முதல் நூல் இவ்வழியினதாகவே இருத்தல் வேண்டும். (பெயின்மனின் நூல் படிக்க இனியது, ஆயின் பயிற்சிக் கணக்குகள் அதனுள் இல்லாமையால் அஃதொன்றே போதாது.)

இனி மொழி. கிரிஃபித்சின் நூல் எளிய ஆங்கிலத்தில் இருக்கின்றதே என்பர். எளிமை யாருக்கு? அது நண்பனோடு பேசுவதுபோன்ற நடை. கிண்டலும் குறிப்பும் விரவிய நடை. ஆங்கிலத்தை வீட்டுமொழியாகக் கொண்டவனுக்கு அது தேன். தமிழ்வழி வந்தவனுக்கோ தொகைக்கெழுவை விட அக்கிண்டலே பெருந்தடை. அளப்பதற்குமுன் துகள் எங்கே இருந்தது என்ற வினாவுக்கு மூவகைக் கொள்கையினர் தரும் விடைகளை அந்நூல் முதல் இயலிலேயே எடுத்துரைக்கின்றது. மாணவன் முட்டிக்கொள்ளும் இடம் கணக்கன்று, அந்த உரையாடல்.

'தமிழில் சொல் ஏது?' என்று கேட்கும் மேதைகள் இன்னும் உளர். செர்மானியர் சொல்லை ஆங்கிலேயர் பாதி பெயர்த்துப் பாதியை 'ஐகன்' என்று அப்படியே விட்டுவைத்தனர். 'ஐகன்' என்பதன் பொருள் 'தன்னுடைய' என்பது. தமிழிலோ 'தன்மதிப்பு' என்று முழுமையாகச் சொல்லிவிடலாம். குறை எவர் மொழியில்?

இவர்கள் நூலகத்து அடுக்குகளில் வணங்கி நிற்கும் ஆங்கில நூல்களுட் பல ஆங்கிலத்தில் பிறந்தவையே அல்ல. இலாண்டாவும் இலிப்சிட்சும் எழுதியது உருசிய மொழியில். மெசையா எழுதியது பிரெஞ்சில். 1973-இல் கோயன்-தனூச்சியும் இணைவர் இருவரும் எழுதியதும் பிரெஞ்சிலேயே. 1965-இல் நோபல் பரிசு பெற்ற தோமோனாகா தம் குவைய இயங்கியல் நூலைச் சப்பானிய மாணவர்க்காகச் சப்பானிய மொழியில் எழுதினார். ஆங்கிலம் அதன் பின்னர் வந்து பெயர்த்துக்கொண்டது. சென்னையிலும் அறிஞர் இல்லாமலில்லை. மேத்யூசும் வேங்கடேசனும் எழுதி 1976-இல் வந்த நூல் இந்தியக் கல்லூரிகளெங்கும் பரவியது. அதுவும் ஆங்கிலத்திலேயே வந்தது. தோமோனாகாவுக்குத் தோன்றியது தமிழ்நாட்டுப் பேராசிரியர்க்குத் தோன்றாதது ஏன்? தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் 1970-களில் கல்லூரிக்குரிய அறிவியல் நூல்களைத் தமிழில் வெளியிட்டுக் காட்டியபின்னுமா இந்தத் தயக்கம்?

புதுநூல் எழும்வரை கைகட்டி நிற்கவேண்டுவதில்லை. மெக்கின்டயர் நூலின் முதல் மூன்று இயல்களைத் தமிழில் விளக்கி, கணக்குகளைத் தமிழில் கொடுத்து, தமிழில் விடையெழுதச் செய்யலாம். அதன்பின் கிரிஃபித்சின் இரண்டாம் இயலிலுள்ள பெட்டிக் கணக்குகளையும் அலையியற்றிக் கணக்குகளையும் போடவைக்கலாம். 1980-இல் வந்த சங்கரின் நூல் நெடிய கணக்கியல் முன்னுரையோடு தொடங்குவது. அஃது இரண்டாம் நூலாகட்டும். சிஃப் மேற்படிப்புக்குப் போகட்டும். பாடத்திட்டக் குழுவினர் அடுத்துக் கூடும்போது பழைய பட்டியலை எடுத்துப் படியெடுக்குமுன், அதிலுள்ள நூல்களுள் எதனைத் தம் மாணவருள் ஒருவரேனும் முதல் இயல் முடியப் படித்திருக்கின்றனர் என்று கேட்டுவிட்டுக் கையெழுத்திடட்டும்.