பெயின்ட்டை நம்பாதே மாப்ளே!

பச்சை பெயின்ட்ல லேத் பளபளன்னு நின்னுது. “சூப்பரா இருக்கே மாமா”ன்னு வாயைத் திறந்தேன். மாமா என் காலை மிதிச்சார். விக்கிறவர் காதுல ‘சூப்பர்’ விழுந்தா விலை ஏறிடுமாம்!

போன ஞாயிறு, கோவை கணபதியில ஒரு பழைய மெஷின் ஷெட். 18 வருஷம் அடுத்தவர் பட்டறையில லேத் ஓட்டின மாமா, சொந்தமா தொழில் தொடங்கப் போறார். ஆறடி செகண்ட் ஹேண்ட் லேத், ஒண்ணரை லட்சம். அத்தையோட செயின் அடகுக் கடைக்குப் போயாச்சு. மெக்கானிக்கல் மூணாம் வருஷம்ங்கிற தகுதியில எனக்கு அசிஸ்டென்ட் போஸ்ட். காலேஜ் லேப்ல கெஞ்சி வாங்கின டயல் கேஜ்தான் என் கெத்து.

மாமா பெயின்ட்டைக் கண்டுக்கவே இல்லை. சக் பக்கத்துல பெட் மேல நகத்தை வெச்சு இழுத்தார். வேலை முக்கால்வாசி அங்கதானே நடக்கும், தேய்மானமும் அங்கதான். நகம் ஒரு படியில தட்டுச்சு. “சேடில் லாக்கை இங்கேயே லேசா டைட் வெச்சுட்டு, டெயில்ஸ்டாக் பக்கம் ஓட்டு மாப்ளே.” ஓட்டினேன். பாதி தூரத்துல கைச்சக்கரம் இறுகிப்போச்சு. அந்தப் பக்கம் பெட் தேயாம உயரமாவே இருக்கு!

அடுத்து என் டர்ன். ஸ்பிண்டில் மேல கேஜை வெச்சு, மரக்கட்டையால நெம்பினோம். முள் அசையவே இல்லை. பேரிங் ஓகே. கியர் சத்தமும் சுத்தம். கிராஸ் ஸ்லைடு கைப்பிடிதான் கால் சுத்து சும்மா சுத்துச்சு. “நட்டு மாத்தினா போச்சு”ன்னுட்டார்.

கடைசியா 40 மி.மீ. ராடை 100 மி.மீ. நீளத்துக்குக் கடைஞ்சு, மைக்ரோமீட்டர்ல அளந்தா... ரெண்டு முனைக்கும் 0.08 மி.மீ. வித்தியாசம். “பெட் அவுட்!”னு குதிச்சேன். “அவசரப்படாத. மெஷின் லெவலா உக்காரலைன்னாலும் டேப்பர் வரும். அதைச் சரி பண்ணிடலாம். நகத்துல தட்டுச்சே, அதைத்தான் சரி பண்ண முடியாது.” (நாலு செமஸ்டர்ல எனக்கு இதை யாரும் சொல்லலைங்க!)

விக்கிறவர் 20 ஆயிரம் குறைச்சார். மாமா மனசுக்குள்ளயே கணக்குப் போட்டார். பெட்டைக் கழட்டி கிரைண்டிங்குக்கு அனுப்பணும், லாரி வாடகை, திரும்ப செட்டிங். அதுவரைக்கும் வேலை ஓடாது, வட்டி மட்டும் ஓடும்.

“வேண்டாமுங்க, தப்பா நினைச்சுக்காதீங்க.”

டீக்கடையில, “பேரிங் நல்லாத்தாண்டா இருந்துச்சு”ன்னு ரெண்டு தடவை சொன்னார். நான் டீயைப் பார்த்துட்டே இருந்தேன்.

வர்ற ஞாயிறு சிங்காநல்லூர்ல இன்னொரு லேத் பார்க்கப் போறோம். லேப் சார், அந்த கேஜ்... இன்னும் ஒரே ஒரு வாரம் ப்ளீஸ்!