குட்டைப் பலகை என்னும் வியாதி

நாலு மாசம் நுரையில் விழுந்து எழுந்து, ஒருவழியாக எட்டடி ஃபோம் போர்டில் நிற்கக் கற்றுக்கொண்ட ஆளுக்கு ஐந்தாவது மாசம் ஒரு வியாதி வருகிறது. கூர் மூக்கு, மெல்லிசு உடம்பு, ஆறடிக்கும் குறைவாக, வெள்ளை வெளேர் என்று ஒரு சர்ஃப் போர்டு கனவில் வர ஆரம்பிக்கும். கோவளத்திலோ (கேரளாக்காரர்கள் கோபிக்க வேண்டாம், இது சென்னைக்குத் தெற்கே ஈசிஆரில் இருக்கிற கோவளம்) மாமல்லபுரத்திலோ ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் நின்று பார்த்தால் போதும். கக்கத்தில் அடக்கமாக இடுக்கிக்கொண்டு வருவார்கள். பார்க்க அம்சமாகத்தான் இருக்கும். இரண்டு மணி நேரம் கழித்து, பிடித்த அலைகளை எண்ணச் சொன்னால் ஒரு கையிலேயே விரல் மிச்சமாகும்.

கேட்டால் பதில் தயார். "நீள போர்டெல்லாம் கத்துக்குட்டிங்களுக்கு பாஸ், அடுத்த லெவலுக்குப் போகணும்ல?"

இந்த 'அடுத்த லெவல்' என்கிற வார்த்தையில்தான் கோளாறே. போர்டு எத்தனை அங்குலம் குறைகிறதோ அத்தனை திறமை ஏறிவிட்டது என்று ஒரு கணக்கு. துணைச் சக்கரம் கழற்றின மறுநாள் குழந்தைக்கு யாராவது ரேஸ் சைக்கிள் வாங்கித் தருவார்களா? இங்கே தருகிறார்கள். பெற்றவர்கள் இல்லை, அவனே தனக்கு வாங்கிக்கொள்கிறான். ஒரு மாணவனுக்கு அது எத்தனை மாச மெஸ் காசு என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எண்களைப் பார்த்தால் கூத்து இன்னும் தெளிவாகும். எட்டடி ஃபோம் போர்டின் கனஅளவு சுமார் 80 லிட்டர், சிலதில் அதற்கும் மேலே. உலகப் போட்டிகளில் ஆடும் ஆண்களின் போர்டு பெரும்பாலும் 25 முதல் 30 லிட்டருக்குள் அடங்கிவிடும். அதாவது நம்மாள் ஒரே தாவலில் மிதவையில் பாதிக்கும் மேலே தூக்கி எறிகிறான். 70 கிலோ உடம்பு 28 லிட்டர் போர்டின் மேல் படுத்தால், போர்டு தண்ணீருக்குள் அமுங்கிப் போகும், நெஞ்சு பாதி நனையும். அமுங்கின போர்டைத் தண்ணீர் பிடித்து இழுக்கும். எவ்வளவு துழாவினாலும் வேகம் வராது. வேகம் இல்லாதவனை அலை தூக்காமல் அடியில் நழுவிப் போய்விடும். தூக்கினாலும் கடைசி நொடியில், சுவர் மாதிரி செங்குத்தான பிறகுதான் தூக்கும். அப்போது எழுந்து நிற்கக் கண் இமைக்கும் நேரம்தான் கிடைக்கும். அதற்குத் தேவையான பழக்கம் ஏற்கெனவே இருப்பவனுக்குத்தான் அது சாத்தியம். பழக்கம் எங்கிருந்து வரும்? அலை பிடித்தால் வரும். அலைதான் கிடைக்கவில்லையே!

இந்த விளையாட்டின் பெரிய கொடுமை, பயிற்சி நேரம் ரொம்பக் குறைவு. ஒரு அலையில் ஆறு நொடி நிற்கிறான் என்று வைத்துக்கொண்டால், பதினைந்து அலை பிடித்தவனுக்கு அன்றைக்குக் கிடைத்த மொத்தப் பயிற்சி ஒன்றரை நிமிஷம். மூன்று அலை பிடித்தவனுக்குப் பதினெட்டு நொடி. வாரத்துக்கு ஒருநாள் வருகிற ஐடி ஆளும் கல்லூரிப் பையனும் இந்தப் பதினெட்டு நொடியை வைத்துக்கொண்டு என்ன கிழிக்க முடியும்? ஆறு மாசத்தில் 'நமக்கு இது சரிப்படாது' என்று விட்டுவிட்டு ஜிம்முக்குப் போய்விடுகிறார்கள். சரிப்படாமல் போனது அந்த போர்டு என்பது பலருக்குக் கடைசிவரை உறைப்பதே இல்லை.

வரலாறாவது தெரிந்திருக்கலாம். 1966-ல் சான் டியாகோவில் ஆஸ்திரேலியாவின் நாட் யங் உலகப் பட்டம் வென்றது 9 அடி 4 அங்குல போர்டில். 'மேஜிக் சாம்' என்று அதற்குப் பேர்கூட உண்டு. அதற்கடுத்த இரண்டு மூன்று வருஷங்களில்தான் போர்டுகள் மளமளவென்று குட்டையாயின. 1981-ல் சைமன் ஆண்டர்சன் மூன்று ஃபின் வைத்த போர்டோடு பெல்ஸ் பீச்சில் ஜெயித்த பிறகு இன்றைய குட்டை போர்டின் ஜாதகம் எழுதப்பட்டுவிட்டது. கவனிக்க வேண்டிய விஷயம், அந்தக் குட்டைப் பலகைப் புரட்சியைச் செய்தவர்கள் நீளப் பலகையில் ஊறினவர்கள். அலை எங்கே எழும் என்று அவர்கள் கண்ணுக்குத் தெரியும், தோளில் வலு இருந்தது, காலடியில் நல்ல அலையும் இருந்தது. நம்ம ஊர்க் கரையில் தெற்கிலிருந்து நல்ல அலை வருகிற நாட்கள் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் இடுப்பளவுகூட வராத நாட்களும் ஏராளம். அந்த அலையில் அந்த போர்டு, வயல் வரப்பில் ஃபார்முலா ஒன் கார் :-)

"கோவளத்துப் பசங்க எல்லாம் குட்டை போர்டில்தானே பறக்கிறாங்க?" என்று ஒரு கேள்வி வரும். 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசிய சாம்பியன்ஷிப் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு ஆசை வருவது நியாயம்தான். ஆனால் மீனவர் குப்பத்துப் பிள்ளை நடக்கும் வயசிலிருந்து கடலில் கிடக்கிறான். அவன் எடையும் குறைவு, தினமும் தண்ணீரில் இருக்கிறான். அவன் போர்டு அவனுக்குச் சரி. வேளச்சேரியிலிருந்து வாரம் ஒருமுறை பைக்கில் வருகிற 75 கிலோ ஆசாமிக்கு அது எப்படிச் சரியாகும்? அந்தப் பிள்ளையின் தாத்தா கட்டுமரத்தில் நின்றபடி அலையைத் தாண்டினவர். மரம் மிதக்க வேண்டும் என்பதுதான் அவருக்கு முதல் கவலை. மெல்லிசாக இருந்தால் கௌரவம் என்று எந்தத் தாத்தாவும் நினைத்ததில்லை.

இன்னொரு சாக்கு, பெரிய போர்டைத் திருப்ப முடியாது, அலைக்கு அடியில் முக்கிக்கொண்டு போகவும் முடியாது என்பது. இரண்டாவது ஓரளவு உண்மை. அதற்கென்ன, போர்டோடு குப்புறக் கவிழ்ந்து அலையை மேலே போகவிடலாம், முனையை ஒட்டி உடைகிற இடமென்றால் உடையாத பக்கமாகச் சுற்றிப் போகலாம். முதல் சாக்கு சுத்தப் பொய். நீள போர்டைத் திருப்பக் கால் வைக்கும் இடம் மாற வேண்டும், பின்னால் நகர்ந்து அழுத்த வேண்டும். அதைக் கற்காமல் குட்டை போர்டில் இடுப்பை ஆட்டுவதற்குப் பேர் திருப்பம் இல்லை. 2019 லிமா பான் அமெரிக்கப் போட்டியில் நீளப் பலகைக்குத் தனிப் பதக்கமே கொடுத்தார்கள். கத்துக்குட்டிகளுக்கா கொடுத்தார்கள்?

சரி, எதைத்தான் வாங்குவது? முதலில், வாங்கும் தகுதி வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். பயிற்சியாளர் பின்னாலிருந்து தள்ளாமல், உடையாத அலையைத் தானே பிடித்து, இடமோ வலமோ ஒரு பக்கமாக ஓட முடிகிறதா? இல்லையென்றால் இன்னும் ஃபோம் போர்டுதான். முடிகிறது என்றால், 70 கிலோ ஆளுக்கு 7 முதல் ஏழரை அடி, 45 முதல் 55 லிட்டர், அகலம் 21, 22 அங்குலம், உருண்டை மூக்கு. ஃபோமிலிருந்து இறங்கும்போது லிட்டர் இவ்வளவு குறைந்தாலும் பயப்பட வேண்டாம், கெட்டியான போர்டு தண்ணீரில் வழுக்கிப் போகும் விதமே வேறு. எடை கூடின ஆளுக்கு லிட்டரும் கூட வேண்டும்.

லிட்டரை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குவதும் தப்பு. அதே 50 லிட்டர் வாழைப்பழம் மாதிரி வளைந்திருந்தால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு நிற்கும், தட்டையாக இருந்தால் சின்ன அலையையும் பிடித்துக்கொள்ளும். 1967-ல் சான் டியாகோவில் ஸ்டீவ் லிஸ் மண்டியிட்டு ஓட்டுவதற்காகச் செய்த மீன்வால் போர்டு குட்டைதான், ஆனால் அகலம், தட்டை. அதனால்தான் இன்றைக்கும் சின்ன அலையில் அது ஓடுகிறது. ஆக, குட்டையே ஆகாது என்பதில்லை. மெல்லிசும் வளைவும் சேர்ந்த குட்டைதான் இந்தக் கட்டத்தில் ஆகாது.

காசு குறைவென்றால் பழைய போர்டே நல்லது, சும்மா இரண்டு வாரம் வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டு வாங்கினால் இன்னும் நல்லது. கால் பதிந்து பதிந்து தேய்ந்த நடுப்பகுதியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். மேல்தோல் உள்ளே போய்த் திரும்பி வந்தால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். பார்வைக்குச் சின்னதாக இருந்து தூக்கினால் கனத்தால், தண்ணீர் குடித்த போர்டு. சித்திரை வெயிலில் மூடின காருக்குள் கிடந்து கொப்புளம் வந்ததா என்றும் பார்த்துக்கொள்வது உத்தமம். விற்பனைக்கு வருகிற பழைய போர்டுகளில் ஏழடிக்காரன் அடிபட்டு, ஒட்டுப்போட்டு, மஞ்சளாகித்தான் இருப்பான். 5 அடி 10 அங்குலம் மட்டும் 'நாலே தடவை உபயோகித்தது, கிட்டத்தட்ட புதுசு' என்று பளபளவென்று வந்து நிற்கும்.