கணக்கு வராதது தலையெழுத்தா?

உயிரியல் படிக்க வருகிறவர்களுக்குக் கணக்கு வராது என்பதாக ஒரு பேச்சு வெகுநாளாய் வழங்கி வருகிறது. அது பிள்ளையின் தலையெழுத்தா, சொல்லிக் கொடுக்கும் முறையின் கோளாறா என்று கேட்பவர் வெகு சிலரே.

அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியா சர்வகலாசாலையார் 2013இல் உயிரியல் மாணாக்கருக்கென்றே தனியாக ஒரு கணித வகுப்பை ஏற்படுத்தினார்கள். நுண்கணிதம் அங்கே உயிர்களின் கதையாக வருகிறது. மீன் பெருகினால் அதைத் தின்னும் சுறா பெருகும். சுறா பெருகினால் மீன் குறையும். மீன் குறைந்தால் சுறாவுக்குப் பட்டினி. யுத்த காலத்தில் மீன்பிடிப்புக் குறைந்தபோது அட்ரியாட்டிக் கடலில் இரைதின்னி மீன்களின் விகிதம் கூடியதேன் என்று, 1926இல் இத்தாலியரான வோல்ட்டெரா ஆராய்ந்தது இந்தக் கணக்கைக் கொண்டேயாகும். மாறுதலின் வேகத்தை மாணாக்கர் சமன்பாடாக எழுதினால், கம்ப்யூட்டர் அதைச் சிறு சிறு காலத் துண்டுகளாகக் கூட்டிக் கோடு வரைந்து காட்டுகிறது. எண்ணை மாற்றினால் கோடு மாறுகிறது. ஏன் என்ற கேள்வி தானாய்ப் பிறக்கிறது.

நிற்க. விடையை யந்திரம் போட்டுவிட்டால் மூளைக்கு என்ன வேலை என்று சிலர் ஆட்சேபிக்கலாம். பொருளறியாமல் சூத்திரத்தை ஒப்புவித்தபோது மாத்திரம் மூளைக்கு என்ன வேலை இருந்தது என்று நாம் கேட்கிறோம். ஆனாலும், விசையை அழுத்திப் படம் பார்ப்பது அறிவாகி விடாது. எந்த அனுமானத்தின்மேல் அப்படம் எழுந்தது என்று விசாரிக்கப் பழக்க வேண்டும். இன்றேல், பழைய மந்திரத்தின் இடத்தில் புது யந்திரத்தை வைத்ததாகவே முடியும்.

மருந்து உடம்பில் குறைவதும், தொற்றுநோய் ஊரில் பரவுவதும் மாறுதலின் கணக்கே. வைத்தியராகப் போகிறவர் அதற்கு அஞ்சினால் ஆபத்து நோயாளிக்கே. ஆகவே, பிள்ளையைப் பழிக்குமுன் முறையைத் திருத்துங்கள் என்று கல்வி அதிகாரிகளைக் கேட்டுக் கொள்கிறோம்.