குளிர் ஆற்றங்கரையில் தாத்தா படித்த பாடம்



சென்ற மாதம் பிள்ளைகளின் கையெழுத்தைப் பற்றிப் பேசினோம். இந்த மாதம் மீன் பிடிக்கப் போவோமா?

"தூண்டில் போடாத தோட்டத்துப் பிள்ளை உண்டா? வாத்தியார் அதையா நமக்குச் சொல்லித் தரப் போகிறார்?" என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. நான் சொல்லப் போவது மண்புழு கோத்து விரால் பிடிக்கும் கதை அல்ல. பல் கிட்டிக்கும் குளிரில், குடும்பத்தோடு ஆற்றுக்குப் போய், இறகால் கட்டிய பொய்ப் பூச்சியைக் காட்டி மீன் பிடிக்கும் கதை. அதில் நான் செய்த தவறு ஒன்றும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு எழுதினால் இந்தக் கட்டுரையால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை.

என் அக்காள் மகள் நியூசிலாந்தில் ஹேமில்டன் நகரத்தில் குடும்பம் நடத்துகிறாள். மாப்பிள்ளையும் நம் ஆள்தான். பேராக்கில் ஒரு கித்தாத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். 2018ஆம் ஆண்டு ஜூன் மாதப் பள்ளி விடுமுறையில், பல ஆண்டுகள் சேர்த்து வைத்த பணத்தில் டிக்கெட் எடுத்து அவர்களைப் பார்க்கப் போனேன். நமக்கு ஜூன் என்றால் வெயில். அங்கே குளிர்காலம். பூமத்திய ரேகைக்குத் தெற்கே பருவம் தலைகீழ் என்று வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! விமானத்தை விட்டு இறங்கியபோதுதான் அது எனக்கே விளங்கியது.

அவர்களுக்கு ஒன்பது வயதில் ஒரு பையன். உறவு முறைப்படி நான் அவனுக்குத் தாத்தா. நாற்பத்தைந்து வயதில் "தாத்தா" என்று கூப்பிட்டால் எப்படி இருக்கும்? முதல் நாள் சுருக்கென்றது. மூன்றாம் நாள் அந்தச் சொல்லுக்காகவே காத்திருந்தேன்.

"மாமா, சனிக்கிழமை டிரவுட் பிடிக்கப் போகிறோம், வாருங்கள்" என்றார் மாப்பிள்ளை.

"இந்தக் குளிரிலா?" என்றேன்.

"குளிர்தான் மாமா அந்த மீனுக்குக் காலம்" என்றார்.

அது உண்மைதான். டிரவுட் குளிர்ந்த நீரில் வாழும் மீன். நீர் குளிர்ந்திருந்தால் அதில் பிராணவாயு கூடுதலாகக் கரைந்திருக்கும். நம் ஊர் ஆற்றில் விட்டால் அது பிழைக்காது. நியூசிலாந்தின் வடக்குத் தீவின் நடுவில் டௌப்போ என்று ஒரு பெரிய ஏரி. பரப்பு ஏறக்குறைய 616 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூரைவிடச் சற்றுத்தான் சிறியது. முன்னொரு காலத்தில் எரிமலை வெடித்து உண்டான பள்ளம் அது. அந்த ஏரியில் வளரும் வானவில் டிரவுட், குளிர்காலம் வந்ததும் முட்டையிடுவதற்காக ஆறுகளில் எதிர்நீச்சல் போட்டு மேலே ஏறும். அவற்றில் பேர் பெற்றது டொங்கரிரோ ஆறு. அதன் கரையில் உள்ள துராங்கி என்ற சிற்றூருக்குத்தான் போனோம்.

இன்னொரு செய்தி கேளுங்கள். இந்த மீன் அந்த நாட்டு மீனே அல்ல. வெள்ளைக்காரர்கள் கொண்டு வந்து விட்டது. 1864ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து ஒரு பாய்மரக் கப்பலில், பாசிக்குள் பொதிந்து, பனிக்கட்டிக்கு நடுவே வைத்து, மீன் முட்டைகளைத் தஸ்மானியாவுக்குக் கொண்டு போனார்கள். வெப்ப மண்டலத்தையே கடந்து போன முட்டைகள் அங்கே பொரித்தன. தஸ்மானியாவிலிருந்து 1867இல் நியூசிலாந்துக்கு வந்தது பழுப்பு டிரவுட். வானவில் டிரவுட் 1883இல் கலிபோர்னியாவிலிருந்து வந்தது. இலங்கையில் நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளிலும், தமிழ்நாட்டில் நீலகிரியிலும் இதே மீனைத் துரைமார்கள் கொண்டு வந்து விட்டார்கள். கொழுந்து பறித்தவர்கள் நம்மவர்கள். ஓடையில் தூண்டில் வீசியவர்கள் துரைமார்கள்.

நியூசிலாந்தில் அந்தப் பேதம் வேண்டாம் என்று சட்டம் செய்துவிட்டார்கள். உரிமச் சீட்டு வாங்கியவர் யாராக இருந்தாலும் பிடிக்கலாம். மீன் பிடிக்கும் உரிமையை யாரும் விற்க முடியாது. பிடித்த டிரவுட்டையும் விற்க முடியாது. கையில் எவ்வளவு பணம் இருந்தாலும் அந்த நாட்டுக் கடையில் டிரவுட் கிடைக்காது. ஒன்று நீங்களே பிடிக்க வேண்டும், அல்லது பிடித்தவர் அன்போடு கொடுக்க வேண்டும்.

ஆனால் எல்லாமே நியாயமாக நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஏரி தூஃபாரெதோவா என்னும் மாவோரி மக்களுடையது. அவர்கள் தலைமுறை தலைமுறையாக உண்டு வந்த கோவாரோ என்ற சிறு மீனை, புதிதாக வந்த டிரவுட் தின்று குறைத்துவிட்டது. 1926இல் ஒரு சட்டத்தின் மூலம் ஏரியின் அடிநிலம் அரசாங்கத்துக்குப் போனது. உரிமக் கட்டணத்தில் ஒரு பங்கு அம்மக்களுக்கு என்று ஏற்பாடானது. 1992இல்தான் அடிநிலம் மறுபடியும் அவர்கள் பெயருக்கு வந்தது. பிறர் மண்ணில் நின்று பொழுது போக்குகிறோம் என்ற நினைப்பு இருக்க வேண்டும் என்று மாப்பிள்ளை மகனுக்குச் சொன்னார். லயத்தில் பிறந்தவர் வாயில் அந்தச் சொல் வந்தது எனக்குப் பெருமையாக இருந்தது.

விடியற்காலை நாலரை மணிக்குப் புறப்பட்டோம். அக்காள் மகள் புளிச்சோறு, உருளைக்கிழங்குப் பிரட்டல், ஒரு பெரிய ஃபிளாஸ்க் நிறைய மைலோ எல்லாம் கட்டிக்கொண்டாள். இரண்டரை மணி நேர ஓட்டம். போய் இறங்கினால் புல் மேல் வெள்ளை வெளேரென்று உறைபனி. மிதித்தால் நொறுங்குகிறது.

நான் பருத்திப் பனியன், பருத்திச் சட்டை, ஜீன்ஸ் என்று மூன்று சுற்றுப் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். மாப்பிள்ளை பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "பருத்தி நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும் மாமா. கம்பளி நனைந்தாலும் கொஞ்சம் சூடு காக்கும்" என்று தம்முடைய கம்பளி உடுப்புகளைக் கொடுத்தார். ஒரே தடித்த சட்டையைவிட, மெல்லியதாக இரண்டு மூன்று அடுக்குப் போடுவது நல்லதாம். அடுக்குக்கு அடுக்கு நிற்கும் காற்றுதான் குளிரைத் தடுக்கிறது.

இனி, ஈத் தூண்டில். நம் தூண்டிலில் ஈயக்குண்டுதான் கனம். அது நரம்பை இழுத்துக்கொண்டு போய் விழும். இதில் இறகும் நூலும் சுற்றிய முள்ளுக்குக் கனமே இல்லை. ஆகவே நரம்பையே தடிமனாக, கனமாகச் செய்திருக்கிறார்கள். கோலை முன்னும் பின்னும் வீசி, நரம்பைக் காற்றில் விரித்து, அதன் வேகத்தில் பூச்சியைக் கொண்டு போய் இறக்க வேண்டும். எனக்கு முதல் வீச்சில் தொப்பியில் மாட்டியது. இரண்டாம் வீச்சில் பின்னால் இருந்த புதரில். பையன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு வாத்தியாருக்கே வாத்தியாராக நின்று, "பின்னால் நரம்பு நேராகும் வரை பொறுங்கள் தாத்தா, அதற்கு அப்புறம் முன்னால் வீசுங்கள்" என்று சொல்லித் தந்தான்.

மாப்பிள்ளை மார்பு வரை வரும் நீர்புகாக் காற்சட்டை போட்டு, தவறி விழுந்தால் தண்ணீர் உள்ளே இறங்காதபடி இடுப்பில் பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினார். பையனுக்கு மிதவைச் சட்டை மாட்டி, கரையோரம் கணுக்கால் தண்ணீரில் நிறுத்தினார். ஒன்று கவனித்தேன். அவர் எப்போதும் பையனுக்குக் கீழ்ப்பக்கம், அதாவது தண்ணீர் ஓடும் திசையில் நாலடி தள்ளியே நின்றார். மேலே நல்ல மடு இருந்தும் அங்கே போகவில்லை. ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

பத்து மணி இருக்கும். பையனின் கோல் வளைந்தது! மாப்பிள்ளை கை கொடுக்க, பத்து நிமிடப் போராட்டத்துக்குப் பிறகு மீன் வலைக்கு வந்தது. வெள்ளி உடம்பு, பக்கத்தில் செம்பருத்தி நிறத்தில் ஒரு கோடு. அளந்து பார்த்தார்கள். அளவுக்குக் குறைவு. ஈரக் கையால் பிடித்து, தண்ணீரில் தலையை மேல்நோக்கி வைத்து, மூச்சு வந்ததும் விட்டுவிட்டார்கள். "ஐயோ, போய்விட்டதே!" என்றேன். பையன் முகத்தில் கொஞ்சமும் வருத்தம் இல்லை.

அந்த மகிழ்ச்சியில்தான் நான் தவறு செய்தேன். கைத்தொலைபேசியை எடுத்து, "ராஜா, அந்த இடத்திலேயே நில், தாத்தா படம் எடுக்கிறேன். இன்னும் கொஞ்சம் பின்னால் போ… இன்னும் ஓரடி…" என்றேன். அவன் தாத்தா சொல்லைத் தட்டாமல் போனான். பாசிக் கல்லில் கால் வழுக்கியது. மல்லாந்து விழுந்தான்.

ஒரு நொடி தலை மறைந்தது. பனி நீர் உடம்பில் பட்டதும் மூச்சு தானாக வெடுக்கென்று உள்ளே இழுக்கும்; வாய் அப்போது தண்ணீருக்குள் இருந்தால் ஆபத்து. மிதவைச் சட்டை தூக்கிவிட்டது. ஆறு இரண்டு கெஜம் இழுத்தது. அதற்குள் கீழே நின்ற தகப்பன் கை பிள்ளையைப் பிடித்துவிட்டது. ஏன் அவர் அங்கே நின்றார் என்று அப்போது விளங்கியது.

நான் ஓடிப்போய் அவன் கைகால்களைப் பரபரவென்று தேய்க்கப் போனேன். "தேய்க்காதீர்கள் மாமா" என்றார் மாப்பிள்ளை. ஈரத் துணி முழுவதையும் கழற்றி, ஒற்றித் துடைத்து, கம்பளியில் சுற்றி, தலைக்குத் தொப்பி போட்டு, காருக்குள் உட்கார வைத்து சூட்டுக்காற்றைப் போட்டார். பையன் தெளிவாகப் பேசுகிறான் என்று தெரிந்த பிறகு இளஞ்சூட்டில் இனிப்பு மைலோ கொடுத்தார்கள். குளிரில் விறைத்தவருக்குக் கொதிக்கும் வெந்நீரும் கூடாது, பிராந்தியும் கூடாது. பிராந்தி சூடு தருவது போலத் தோன்றும். உண்மையில் உடம்பின் சூட்டை வெளியே விரட்டும். கேமரன் மலைக்குச் சுற்றுலாப் போகிறவர்களுக்கும் இது பயன்படும்.

பையனின் நடுக்கம் நின்றதும் அக்காள் மகள் கேட்டாள்: "எப்படிடா விழுந்தாய்? அந்தக் கல்லுக்குப் போகாதே என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா?"

அவன் என்னைப் பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்து, "நானாகத்தான் போனேன் அம்மா, வழுக்கிவிட்டது" என்றான்.

வாசகர்களே, இருபது ஆண்டுகளுக்கு மேலாக, "தவறு செய்தால் எழுந்து நின்று ஒப்புக்கொள்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறவன் நான். அந்த ஒரு நிமிடம் என் வாய் திறக்கவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை எனக்காகப் பழியை ஏற்றுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. என் கண் முன்னால் வேறொரு முகம் வந்தது. என் பத்தாவது வயதில், என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன் முகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியவர்கள் யாரும் இல்லாமல், பையன்கள் மட்டும் தோட்டத்துக்குப் பின்னால் இருந்த ஈயக்குட்டைக்குத் தூண்டில் போடப் போனோம். திரும்பும்போது ஒருவன் குறைவாக வந்தோம்.

"அவன் பொய் சொல்கிறான் அம்மா" என்றேன். "படம் எடுப்பதற்காகப் பின்னால் போகச் சொன்னது நான்தான்."

யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் அதிகம் வலித்தது. மாப்பிள்ளை கோலை மடக்கி, சாமான்களைத் தண்ணீரும் சவர்க்காரமும் போட்டுக் கழுவினார். ஓர் ஆற்றுப் பாசி இன்னோர் ஆற்றுக்கு ஒட்டிக்கொண்டு போகக் கூடாது என்பது அங்கே விதி. மணி பதினொன்றுதான். கண்ணெதிரே ஆற்றில் மீன் ஏறிக்கொண்டிருந்தது. "அவ்வளவுதான், வீட்டுக்குப் போகலாம்" என்றார். நூறு வெள்ளி மீனைவிடப் பிள்ளையின் உடம்பு பெரிது என்று ஒரு வார்த்தை பேசாமல் காட்டிவிட்டார். மீன் இல்லாமல், காரிலேயே புளிச்சோறு சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.

அப்பாமார்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். பிள்ளைகளைத் தண்ணீர்ப் பக்கமே போகாதே என்று சொன்னால் கேட்க மாட்டார்கள். நாமும் கேட்கவில்லை. ஆகவே மாதத்தில் ஒரு ஞாயிறாவது நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். போகும்போது இவற்றை மறக்காதீர்கள். சின்னப் பிள்ளை கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஆறு ஓடும் திசையில், அவனுக்குக் கீழ்ப்பக்கம் நீங்கள் நில்லுங்கள். மலைப்பக்கம் மழை கறுத்தால் உடனே கரையேறுங்கள். இங்கே வானம் வெளுத்திருந்தாலும் வெள்ளம் மேலிருந்து வரும். ஈயக்குட்டையின் கரை சரியும், ஓரத்திலேயே ஆழம் இருக்கும். அங்கே இறங்கவே வேண்டாம். மூடி இறுக்கிய காலி எண்ணெய்த் தோம்பு ஒன்றைக் கயிற்றில் கட்டி எடுத்துப் போங்கள். யாராவது விழுந்தால் குதிக்காதீர்கள், அதை வீசுங்கள். தண்ணீர் பக்கம் போகிற நாளில் மது வேண்டாம். என்னைப் போல், படம் எடுக்கிறேன் என்று பின்னால் போகவும் சொல்லாதீர்கள்.

அந்தப் படம் என் கைத்தொலைபேசியில் இன்னும் இருக்கிறது. அதில் பையன் இல்லை. வெறும் தண்ணீரும் ஒரு கல்லும்தான். அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

அடுத்த இதழில், கணக்கு என்றால் அழும் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவோம்.